சாமைக்கு இன்ஷூரன்ஸ் இருக்கு... மரம் ஏறும் அப்பாவுக்கு?

ஜவ்வாது மலையில் ஒரு வீட்டோட விவசாயம்னா சாமை மட்டும் இல்லை. பலா, புளி, ரெண்டு மாடு, மரம் ஏற ஒரு ஆள் எல்லாம் சேர்ந்ததுதான் வருமானம். பயிருக்கு பிரீமியம் கட்டியாச்சு, சரி. மற்றதுக்கு? கையில் இருக்கும் காசுக்கு எதை முதலில் சேர்ப்பது?

முதலில் ஆள்

பிரதமரின் விபத்துக் காப்பீட்டுத் திட்டத்துக்கு வருஷத்துக்கு 20 ரூபாய்தான். 18 முதல் 70 வயது வரை சேரலாம். விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய். மரத்திலிருந்து விழுவதும் பாம்புக்கடியும் இதில் அடங்கும். ஆனால், உடனே மருத்துவமனைக்குப் போனதற்கான பதிவு வேண்டும். உயிர் பிழைக்கவும் அதுதானே வழி! பணம் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கப்படும். மே கடைசியில் பேலன்ஸ் இல்லையென்றால், ஜூன் 1 முதல் பாதுகாப்பு இருக்காது.

அடுத்து மாடு

தேசிய கால்நடை இயக்கத்தின் காப்பீட்டில் பிரீமியத்தில் 15% மட்டும் நாம் கட்டினால் போதும்; மீதி அரசு மானியம். மாட்டின் அடையாளம் அதன் காது வில்லைதான். அது விழுந்துவிட்டால் உடனே கால்நடை மருத்துவரிடம் சொல்லிடுங்க. மாடு இறந்தால், பிரேதப் பரிசோதனை முடியாமல் புதைக்காதீங்க.

பிறகு பயிரில் விட்டுப்போனது

பயிர்க் காப்பீட்டில் சாமை போன்ற காரீஃப் தானியங்களுக்கு நம் பங்கு 2%. அதாவது, 10,000 ரூபாய் காப்பீட்டுக்கு 200 ரூபாய். ஆனால், மகசூல் இழப்பை உங்க வயலை மட்டும் வைத்துக் கணக்கிட மாட்டார்கள். வருவாய் கிராமம் அல்லது பிர்காவின் சராசரிதான் கணக்கு. ஊரெல்லாம் நல்லா விளைஞ்சு, உங்க கொல்லையில் மட்டும் பன்றி புகுந்தால்?

அதற்காகத்தான், 2026 காரீஃப் முதல் வனவிலங்கு சேதத்தையும் கூடுதல் பாதுகாப்பாகச் சேர்க்கலாம் என்று மத்திய வேளாண் அமைச்சகம் 2025 நவம்பரில் அறிவித்தது. எந்த மாவட்டம், எந்த விலங்கு என்பதை மாநில அரசு அறிவிக்க வேண்டும். பிரீமியம் கட்டும் முன், 'நம்ம பிர்காவுக்கு இது இருக்கா?' என்று வேளாண்மை அலுவலகத்தில் கேளுங்க. இருந்தால், சேதத்தைப் போட்டோ எடுத்து 72 மணி நேரத்துக்குள் பயிர்க் காப்பீட்டு ஆப்பில் ஏற்றணும். மலையில் சிக்னல் தேடவே பாதி நாள் போகும் என்பதால், ஆப்பை இப்போதே இறக்கி வெச்சுடுங்க. சந்தேகம் என்றால் 14447-க்கு போன் போடலாம்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, அப்பாவோட பாஸ்புக்கை வாங்கிப் பாருங்க. அந்த 20 ரூபாய் பிடிச்சிருக்கா?