மழைக்குமுன் மாடியைப் பாருங்கள்!



மொட்டை மாடியை நாம் எத்தனை விதமாகப் பயன்படுத்துகிறோம்! வடகம் பிழிகிறோம், மணிலாவும் மிளகாயும் உலர்த்துகிறோம், கோடை இரவில் பாய் விரித்து உறங்குகிறோம். பிள்ளைகள் அங்கே பட்டம் விடுகிறார்கள், தேர்வுக்கும் படிக்கிறார்கள். யோப்பா நகரில் பேதுரு இறைவேண்டல் செய்ய ஏறிச் சென்ற இடமும் மாடியே. எனினும், கூடத்தை நாள்தோறும் பெருக்கும் நாம் மாடியை ஆண்டுக்கு ஒருமுறையேனும் கவனித்துப் பார்க்கிறோமா? கட்டிலின்மேல் நீர் சொட்டும்போதுதான் நமக்கு மாடியின் நினைவே வருகிறது.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்ததை நம் பகுதி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். திண்டிவனத்திற்கும் விழுப்புரத்திற்கும் இடையேயுள்ள மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை கொட்டித் தீர்த்தது. 1,000 சதுர அடி மாடியின்மீது அத்தனை மழை பெய்தால், அந்த நீர் ஏறக்குறைய 46,000 லிட்டர். வடிகுழாயின் வாயை ஒரு பிடி வேப்பஞ்சருகு அடைத்திருந்தால் அந்த நீர் எங்கே போகும்? தளத்தில் தேங்கும், விரிசல் உள்ள இடத்தில் உள்ளே இறங்கும்.

"மாடியைக் கழுவுவதற்கும் ஆள் பிடிக்க வேண்டுமா? நாமே செய்தால் போகிறது" என்று பலர் கூறக் கேட்டிருக்கிறேன். நானும் ஒரு காலத்தில் அவ்வாறே கூறியவன்தான். பல ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய ஒரு பங்கில், குருமனையின் மாடியில் பாசி படர்ந்திருந்தது. கொத்தனார் ஒருவர் வந்து பார்த்து, இரண்டு நாள் வேலை என்று கூறிக் கூலியையும் சொன்னார். அது அதிகம் என எண்ணி அவரை அனுப்பிவிட்டு, ஆலயப் பணியாளரை மேலே ஏறிச் சுரண்டச் சொன்னேன். அவரும் மறுக்காமல் ஏறினார். முந்தின இரவு பெய்த தூறலில் பாசி வழுக்கியது. கைப்பிடிச் சுவரோ ஒரு சாண் உயரம். அவர் கீழே விழுந்து காலை முறித்துக்கொண்டார். நான்கு மாதம் அவருக்கு வேலையில்லை. மருத்துவச் செலவைப் பங்கு ஏற்றுக்கொண்டது. ஆனால், அந்த நான்கு மாதமும் அவர் மனைவியின் முகத்தை நேராகப் பார்க்க என்னால் இயலவில்லை. நான் மிச்சப்படுத்த நினைத்தது இரண்டு நாள் கூலி!

புதுவீடு கட்டுகிறவன் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும், இல்லையேல் அங்கிருந்து விழுபவனின் இரத்தப்பழி அவ்வீட்டின்மீது வரும் என்று இணைச்சட்ட நூலின் 22ஆம் அதிகாரம் எச்சரிக்கிறது. அதைப் பலமுறை வாசித்திருந்த நான், அன்றுதான் அதன் பொருளை உணர்ந்தேன்.

மாடியின் இயல்பு

நம் ஊர்களில் இருவகைத் தளங்களைக் காணலாம். பழைய வீடுகளில் இருப்பது "மெட்ராஸ் டெரஸ்" எனப்படும் தளம். மர உத்திரங்களின்மேல் செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் குத்தாக அடுக்கி, அதன்மீது செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து, பெண்கள் வரிசையாக அமர்ந்து மரக்கட்டையால் நாள் கணக்கில் தட்டி இறுக்குவார்கள். மேலே தட்டோடு பதிப்பார்கள். மற்றது இன்றைய கம்பி கட்டிய கான்கிரீட் தளம். இதன்மீதும் வெயிலையும் மழையையும் தாங்கும் பொருட்டுச் சுருக்கியும் தட்டோடும் இடுவதுண்டு.

இரண்டிற்கும் பகை தேங்கும் நீரே. பழைய தளத்தில் நீர் இறங்கினால் உத்திரத்தின் முனை, சுவருக்குள் புதைந்திருக்கும் இடத்தில், கண்ணுக்குத் தெரியாமல் உளுத்துப்போகும். கான்கிரீட்டில் இறங்கினால் கம்பி துருப்பிடிக்கும். துரு இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால், கம்பி பருத்துக் காரையை வெளியே தள்ளும். உறங்கும் குழந்தையின்மீது மேற்கூரைக் காரை பெயர்ந்து விழுவது இதனால்தான்.

தேர்ந்தவரின் வேலை

தொழில் தெரிந்த கொத்தனார் மேலே சென்றவுடன் துடைப்பத்தைத் தேடமாட்டார். முதலில் சுற்றி நடந்து பார்ப்பார். தட்டோட்டைத் தட்டி ஓசை கேட்பார். பொள்ளல் ஓசை வருமிடத்தில் ஓடு பிடிப்பு விட்டிருக்கிறது என்று அறிவார். பாசியைப் பிளீச்சிங் பவுடர் கரைத்த நீர் கொண்டு தேய்த்து அகற்றுவார். ஆசிட் ஊற்றமாட்டார், அது சுண்ணாம்பை அரித்துவிடும். கைப்பிடிச் சுவரில் முளைத்த அரசங்கன்றை வெறுமனே ஒடிக்காமல், இடுக்கைத் திறந்து வேரை எடுத்துப் பூசுவார். விரிசலின்மேல் சிமெண்ட் பாலைத் தடவிவிட்டுப் போகமாட்டார். பகல் வெயிலில் விரிந்து இரவில் சுருங்கும் தளத்தில் அத்தகைய பூச்சு அடுத்த கோடையிலேயே பிளக்கும். விரிசலை வெட்டி அகலப்படுத்தி, தூசி நீக்கி, நிரப்புவதே முறை.

"பழையதன்மேல் இன்னொரு பூச்சுப் போட்டுவிடலாம்" என்று எவரேனும் கூறினால் சற்று நிதானியுங்கள். 1,000 சதுர அடியில் ஓர் அங்குலக் கனம் சாந்து ஏற்றினால் ஏறக்குறைய 5 டன் சுமை கூடுகிறது. உளுத்த உத்திரம் அதைத் தாங்குமா?

வேலை முடிந்தபின் வடிகுழாயை அடைத்து, ஒரு நாள் முழுதும் நீர் தேக்கிப் பார்த்துவிட்டுக் கணக்குத் தீருங்கள். 2003 முதல் தமிழ்நாட்டில் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டுள்ளதால் பல வீடுகளில் மாடி நீர் தொட்டிக்கோ கிணற்றுக்கோ செல்கிறது. கழுவும் நாளில் அக்குழாயைத் திருப்பிவிட மறவாதீர்கள்.

நம் கடமை

ஆளை அமர்த்துமுன் அவர் முன்பு வேலை செய்த இரண்டு வீடுகளைக் கேட்டறியுங்கள். மழைக்காலம் கண்ட வீடாக இருத்தல் நலம். என்னென்ன வேலை, எத்தனை நாள், பொருள் யாருடையது என்பவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். முழுத்தொகையையும் முன்பணமாகக் கொடாதீர்கள். வேலை முடிந்தபின் ஒரு நாளும் நிறுத்திவைக்காதீர்கள். கூலியாளின் கூலி விடியும்வரை நம்மிடம் தங்கலாகாது என்பது லேவியர் நூல் தரும் கட்டளை.

ஈரத்தில் எவரையும் ஏற்றாதீர்கள். மாடியை ஒட்டி மின்கம்பி செல்லுமானால் முன்னதாகவே காட்டிவிடுங்கள். விளிம்பில் வேலை செய்பவர் இடுப்பில் கயிறு கட்டிக்கொள்ளட்டும். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994 முதல் இயங்கிவருகிறது. அதில் பதிவு செய்தோர்க்கு விபத்து உதவியும் பிள்ளைகளின் கல்விக்கு உதவியும் உண்டு. உங்களிடம் வரும் கொத்தனாரும் சித்தாளும் பதிந்திருக்கிறார்களா என்று கேளுங்கள். இல்லையெனில் விண்ணப்பம் எழுத உதவுங்கள்; எழுதப் படிக்கத் தெரிந்த நம் பிள்ளைகளுக்கு அது ஒரு மணி நேர வேலை.

ஆவணியில் ஆளைப் பேசி, புரட்டாசிக்குள் வேலையை முடித்துவிட்டால், ஐப்பசி மழையை அச்சமின்றி வரவேற்கலாம். என் பழைய பணியாளர் இன்றும் சற்றே சாய்ந்துதான் நடக்கிறார். என்னைக் காணும்போதெல்லாம், "சாமி, மாடிக்கு ஆள் சொல்லியாச்சா?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார். அக்கேள்வியையே உங்களிடமும் வைக்கிறேன்.