குளிர்காலையில் டீசல் பிக்கப்

ஊவா மாகாணத்தின் தோட்டங்களில் முற்காலத்தில் தொழிலாளரைத் துயிலெழுப்பியது தப்பொலி. தை, மாசி மாதங்களில் இன்று அநேக லயங்களை எழுப்புவது, ஸ்டோர் முற்றத்திலே நிற்கும் டீசல் பிக்கப்பின் செல்ப் மோட்டார் இழுத்திழுத்துத் தேய்ந்து போகும் ஒலியாகும். முதல் நாள் மாலை பதுளைப் பட்டணத்துக்குச் சென்று திரும்பிய வண்டிதான் அது. ஓட்டத்தில் யாதொரு குறையும் தெரிந்திராது. விடியற்காலையில் மட்டும் அது மறுக்கின்றது. நாலைந்து முறை முனகி, வெண்புகையை உமிழ்ந்து, மீண்டும் அடங்கிவிடுகின்றது.

இதனைச் சிறு தொல்லையெனத் தள்ளிவிடுதல் இயலாது. மடூல்சீமையிலோ அப்புத்தளை மலைச்சாரலிலோ உள்ள ஒரு தோட்டத்தில் நள்ளிரவு கடந்து ஒரு பெண்ணுக்குப் பிரசவ வேதனை காணுமாயின், பதுளை வைத்தியசாலை வரை அவளைக் கொண்டு செல்வதற்குக் கைக்கெட்டிய வாகனம் பெரும்பாலும் இந்தப் பிக்கப்பேயாகும். அது பிடிப்பதற்குச் செல்லும் அரைமணி நேரம் அந்தக் குடும்பத்துக்கு எத்தகைய அரைமணி நேரம் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. ஆகவே டீசல் எஞ்சின் குளிரிலே ஏன் முரண்டு பிடிக்கின்றது என்பதை அறிந்திருத்தல், சாரதிக்கு மாத்திரமன்றித் தோட்டத்தில் வாழும் யாவருக்கும் பயனுடையதாகும்.

பெற்றோல் எஞ்சினில் எரிபொருளைக் கொளுத்துவது ஒரு மின்பொறி. டீசல் எஞ்சினில் அத்தகைய பொறி இல்லை. சைக்கிளுக்குக் காற்றடிக்கும் சிறுவன், பம்பின் அடிப்பாகம் சுடுவதைக் கண்டிருப்பான். வளியை விரைந்து நெருக்கினால் அது வெப்பமடையும். இவ்வுண்மையை நம்பியே, ஜெர்மானியப் பொறியியலாளராகிய ருடோல்ஃப் டீசல் 1897ஆம் ஆண்டில் ஆக்ஸ்பர்க் நகரில் தம் எஞ்சினை வெற்றியுடன் ஓட்டிக் காட்டினார். உருளையினுள் இழுக்கப்பட்ட வளியை முசலம், அதாவது பிஸ்டன், இருபதில் ஒரு பங்கு அளவுக்கு நெருக்குகின்றது. வளி ஐந்நூறு பாகைக்கும் மேலாகக் கொதிப்பேறுகின்றது. அத்தருணத்தில் நொசில் வழியே டீசல் மிக நுண்ணிய துளிகளாகத் தெளிக்கப்பட, அது தானாகவே தீப்பற்றுகின்றது. தீக்குச்சி, தீப்பொறி எதுவுமின்றி வெப்பம் ஒன்றே அங்கு கொளுத்தும் கருவியாக விளங்குகின்றது. அந்த வெப்பத்தைக் களவாடும் எதுவும் எஞ்சினுக்குப் பகையாகும்.

மொனராகலையில் நண்பகல் வெப்பநிலை 30 பாகையெனக் கொள்வோம். அப்புத்தளையில் தைமாத விடியலில் அது 10 பாகைக்கு அண்மையில் இறங்குவதுண்டு. வேற்றுமை இருபது பாகை மட்டுமே எனத் தோன்றும். ஆயின் நெருக்கத்தின்போது இவ்வேற்றுமையும் சேர்ந்தே பெருகுகின்றது. இருபது பாகைக் குறைவோடு உட்புகுந்த வளி, நெருக்கப்பட்டு முடியும்போது ஏறத்தாழ ஐம்பத்தைந்து அல்லது அறுபது பாகைக் குறைவோடு நிற்கும். இதுவும் ஏட்டுக் கணக்கே. இரவு முழுவதும் பனிக்காற்றில் குளிர்ந்து கிடந்த இரும்புச் சுவர்கள் அவ்வளியைச் சூழ்ந்திருக்கின்றன. சூடான கஞ்சியைக் குளிர்ந்த பித்தளைச் செம்பில் ஊற்றியது போல, பிறந்த வெப்பத்தின் பெரும்பகுதியை அச்சுவர்கள் உடனே உறிஞ்சிக் கொள்கின்றன.

உயரமும் தன் பங்கைச் செய்கின்றது. பதுளை நகரம் ஏறக்குறைய 680 மீற்றர் உயரத்தில் உள்ளது. பண்டாரவளை 1,200 மீற்றரைக் கடந்தது. அப்புத்தளையோ 1,400 மீற்றருக்கும் மேலானது. அங்கு வளிமண்டல அமுக்கம் கடற்கரையில் உள்ளதில் ஏறத்தாழ 85 வீதமே. ஒவ்வொரு முறையும் உருளையினுள் புகும் வளியே குறைவு. நெருக்கிய பின் எழும் அமுக்கமும் குறைவு. வெல்லவாயாவில் சாவியைத் திருப்பியவுடன் சிலிர்த்தெழும் வண்டி, ஒரு மலைப்பாதை ஏறியதும் அடுத்த நாட்காலையில் வேறு வண்டிபோல் நடந்துகொள்வதன் காரணம் இதுவே.

மூன்றாவது பகை மெதுவான சுழற்சி. எஞ்சினைப் பிடிக்கச் செய்வதற்குச் செல்ப் மோட்டார் அதனை நிமிடத்துக்கு இருநூறு சுற்று என்னும் அளவிலேனும் சுழற்றுதல் நன்று. நூறுக்குக் கீழிறங்கினால் பிடித்தல் அரிது. ஏனெனில் முசலம் தாமதமாக எழும்போது வளி வளையங்களின் இடுக்குகளால் ஒழுகிப் போகின்றது. சுவர்களுக்கு வெப்பம் செல்ல வேண்டிய அவகாசமும் கூடுகின்றது. குளிரில் எஞ்சின் எண்ணெய் தடித்துப் பாகுபோலாகிச் சுழற்சியைத் தடுக்கின்றது. பற்றரியோ அதே குளிரில் தன் ஆற்றலில் ஒரு பங்கை இழந்து நிற்கின்றது. வேலை மிகுந்த வேளையில் வேலையாளுக்குச் சுகவீனம் வந்த கதைதான்.

தேய்ந்த எஞ்சினிலிருந்து புகை வருவதை மறைப்பதற்காக மிகத் தடித்த எண்ணெயை ஊற்றும் வழக்கம் சில கராஜ்களில் இன்றும் உண்டு. சமவெளியில் அது சில மாதங்கள் சமாளிக்கும். மலையில் அதுவே விடியற்காலைத் துன்பத்தை இருமடங்காக்கும். பதினைந்து டபிள்யூ நாற்பது என்று குறிக்கப்படும் எண்ணெய், குளிரில் அதிகம் தடிக்காமலும் சூட்டில் அதிகம் நீர்த்துப் போகாமலும் இருக்குமாறு ஆக்கப்பட்டது. ஊவாவின் குளிருக்கு அது பெரும்பாலும் போதுமானது.

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழுதல் இயல்பு. கொழுந்தேற்றும் பெரிய லொறி எவ்வித முன்சூடுமின்றிப் பிடிக்கின்றதே, சிறிய பிக்கப் மட்டும் ஏன் வருந்துகின்றது? விடை எஞ்சினின் அமைப்பில் உள்ளது. பெரிய லொறிகளில் டீசல் நேரே உருளைக்குள் தெளிக்கப்படுகின்றது. 1980களிலும் 1990களிலும் வந்து, தோட்டங்களில் இன்றும் உழைக்கும் ஜப்பானியப் பிக்கப்புகள் பலவற்றில் அவ்வாறன்று. உருளையின் தலைப்பகுதியில் சிறிய அறையொன்று குடையப்பட்டு, வளி அங்கே சுழன்று புக, அவ்வறையிலேயே டீசல் தெளிக்கப்படும். ஓசை குறைவதற்கும் ஓட்டம் மென்மையாவதற்கும் செய்த ஏற்பாடு அது. ஆனால் அந்த அறையின் சுவர்ப்பரப்பு மிகுதி. வெப்ப இழப்பும் மிகுதி. ஆதலால் ஒவ்வோர் அறையிலும் விரலளவான மின்சூடாக்கி ஒன்றைப் பொருத்தினர். கராஜ்காரர் ஹீற்றர் பிளக் என்று கூறுவது இதனையே. சாவியை முதல் நிலைக்குத் திருப்பியதும் அதன் நுனி சில விநாடிகளில் செந்தணலாகின்றது. முகப்பில் சுருள்வடிவான செம்மஞ்சள் விளக்கு எரிந்து அணைவது, தணல் ஆயத்தம் என்பதற்கான அடையாளம்.

அவ்விளக்கு அணையும் வரை காத்திராமல் சாவியை முழுவதும் திருப்பிவிடுவதே சாரதிகள் பலரிடம் காணப்படும் முதற்குறை. மிகக் குளிர்ந்த காலையில் விளக்கு அணைந்ததும் சாவியை மீட்டு, இன்னொரு முறை முன்சூடேற்றிய பின் தொடக்குதல் நன்று. கிளச்சை முற்றாக மிதித்துக் கொண்டால், கியர்ப்பெட்டியின் தடித்த எண்ணெயையும் சேர்த்துச் சுழற்றும் பாரம் செல்ப் மோட்டாருக்கு நீங்கும். பத்து விநாடிக்கு மேல் தொடர்ந்து இழுத்தலாகாது. பிடிக்காவிடில் அரை நிமிடம் பற்றரிக்கு ஓய்வளித்து மீண்டும் முயல வேண்டும்.

வண்டி வெளியிடும் புகையைப் படிக்கக் கற்றவனுக்குக் கராஜ்காரனின் உதவி பாதி குறையும். இழுக்கும்போது வெண்புகை எழுந்தால் டீசல் உட்செல்கின்றது, ஆனால் எரியவில்லை என்பது பொருள். அது புகையன்று, எரியாத டீசலின் மூடுபனியே, கண்ணைக் கரிக்கும். புகையே எழாவிடில் டீசல் வந்து சேரவில்லை. வடிகட்டியையும் குழாயில் வளி புகுந்துள்ளதா என்பதையும் பார்க்க வேண்டும். எஞ்சின் பிடித்த பின்னும் ஓரிரு நிமிடம் நடுங்கி, ஒரு காலால் நொண்டுவது போல் ஓடி, பின்னர் சீராகுமாயின், நான்கில் ஒரு ஹீற்றர் பிளக் இறந்துவிட்டது என ஐயுறலாம். நீலப்புகை எண்ணெய் எரிவதைக் காட்டும்.

குளிரில் எழும் கடகடவென்ற தட்டொலிக்கும் காரணம் உண்டு. வெப்பம் குறைவானபடியால் டீசல் உடனே பற்றாது, சிறிது தாமதிக்கின்றது. அதற்குள் மேலும் டீசல் வந்து சேர, அனைத்தும் ஒருசேர வெடிக்கின்றன. எஞ்சின் சூடேறியதும் அவ்வொலி தணியும். அதற்கு முன் முடுக்கியை ஓங்கி மிதித்துச் சூடேற்ற முயல்வது, படுக்கையிலிருந்து எழுந்தவனை உடனே மலையேறச் சொல்வதை ஒக்கும். ஓரிரு நிமிடம் இயல்பான ஓட்டத்தில் விட்டு, பின்னர் மெதுவாகப் புறப்படுவதே முறை.

வடநாடுகளில் வேறொரு துன்பமும் உண்டு. டீசலில் கரைந்துள்ள மெழுகு கடுங்குளிரில் திரண்டு வடிகட்டியை அடைத்துவிடும். இந்தியாவின் லடாக் பகுதியில் சாரதிகள் இதற்காக மண்ணெண்ணெய் கலந்து வந்தனர். 2019ஆம் ஆண்டில் இந்தியன் ஒயில் நிறுவனம் அப்பகுதிக்கென, பூச்சியத்துக்குக் கீழ் 33 பாகை வரை உறையாத குளிர்கால டீசலை அறிமுகஞ் செய்தது. ஊவாவின் குளிர் அத்தகையதன்று. ஆயினும் மண்ணெண்ணெய் கலந்தால் வண்டி இலகுவில் பிடிக்கும் என்ற நம்பிக்கை இங்கும் பரவியுள்ளது. இலங்கையில் மண்ணெண்ணெய் விலை 2022 ஓகஸ்ட் மாதத்தில் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக உயரும் வரை, அந்த நம்பிக்கைக்கு மலிவும் துணை நின்றது என ஊகிக்கலாம். டீசல் பம்பின் நுண்ணிய பாகங்களுக்கு டீசலே மசகெண்ணெய். மண்ணெண்ணெய்க்கு அந்த வழுவழுப்புப் போதாது. சில நூறு ரூபாயை மீதப்படுத்தி, பெருந்தொகைக்குப் பம்பை மாற்றுதல் சிக்கனம் ஆகாது.

ஊவாவில் மெய்யாக அஞ்ச வேண்டியது நீர். அரைகுறையாக நிரம்பிய தாங்கியில் மீதியிடத்தை ஈரவளி நிரப்புகின்றது. மூடுபனி சூழ்ந்த இரவில் அது குளிர்ந்து நீர்த்துளிகளாகித் தாங்கியின் அடியில் சேர்கின்றது. ஆகவே தாங்கியை மாலையிலேயே நிரப்பி நிறுத்துதல், வடிகட்டியின் அடித்திருகைத் தளர்த்தித் தேங்கிய நீரை அவ்வப்போது வடித்தல் ஆகிய இரண்டும் நல்ல பழக்கங்கள். வண்டியை எங்கே நிறுத்துவது என்பதும் சிந்திக்கத் தக்கது. தெளிந்த இரவில் குளிர்ந்த வளி கனத்து மலைச்சரிவால் வழிந்து பள்ளத்தில் தேங்கும். ஓடைக்கரையில் நிற்கும் வண்டியை விட, மேட்டில் மதிலோரம் நிற்கும் வண்டிக்கு விடியல் இரண்டொரு பாகை இலேசாகும்.

மேட்டில் நிறுத்துவோர் பெரும்பாலோர் இதனை எண்ணி நிறுத்துவதில்லை. காலையில் உருட்டிப் பிடிக்கச் செய்யலாம் என்றே நிறுத்துகின்றனர். அவசரத்துக்கு அது உதவும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயின் எஞ்சின் ஓடாத வேளையில் பிரேக்குக்குத் துணைசெய்யும் வெற்றிட விசையும், சுக்கானை இலேசாக்கும் அமுக்கமும் இல்லை. ஒருபுறம் தேயிலைச் சரிவும் மறுபுறம் லயமும் அமைந்த ஒடுங்கிய தோட்டப்பாதையில், பனிமூட்டத்தில், பிரேக் கல்லாகிப் போன வண்டியை உருட்டிவிடுவது ஆபத்தான விளையாட்டாகும். பின்தட்டில் ஆட்களை ஏற்றிக்கொண்டு அவ்வாறு செய்தல் எக்காரணத்தாலும் கூடாது. ஈதர் வாயுவை உறிஞ்சுவாயில் தெளிப்பதும் அத்தகையதே. தணலாய் இருக்கும் ஹீற்றர் பிளக் மீது அது பட்டால் வெடித்து எஞ்சினையே உடைக்கும்.

அண்மைக்காலப் பிக்கப்புகளில் இத்தொல்லை பெரிதும் குறைந்துள்ளது. அவற்றில் டீசல் மிக உயர்ந்த அமுக்கத்தில் நேரே உருளைக்குள் செல்கின்றது. எவ்வளவு, எப்பொழுது என்பதைக் கணினி தீர்மானிக்கின்றது. ஆனால் கணினிக்கும் பன்னிரண்டு வோல்ற்று மின்சாரம் வேண்டும். பற்றரி தளர்ந்திருந்தால் புதிய வண்டியும் பழைய வண்டியைப் போலவே மௌனமாகிவிடும். முனைகளில் படியும் வெண்பச்சைப் பூஞ்சணத்தை அப்பச்சோடா கலந்த வெந்நீரால் கழுவி இறுக்குவதற்குக் கால்மணி நேரம் போதும். மூன்றாண்டு கடந்த பற்றரியையும் ஹீற்றர் பிளக்குகளையும் மார்கழி பிறக்குமுன் சோதித்துக் கொண்டால், தையில் நள்ளிரவு அழைப்பு வரும்போது வண்டி முதற்சாவியிலேயே பிடிக்கும்.