கிளட்ச் ஏன் வழுக்குகிறது?

நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளில் சென்று கொண்டிருக்கிறீர்கள். முன்னால் ஒரு சரக்கு லாரி. எதிரே வரும் வாகனம் தொலைவில்தான் இருக்கிறது. முந்திவிடலாம் என்று ஆக்ஸிலேட்டரை முழுவதும் திருகுகிறீர்கள். இயந்திரம் அலறுகிறது, ஆனால் வண்டியின் வேகம் கூடவில்லை. எதிரே வரும் வாகனமோ நெருங்கிக் கொண்டிருக்கிறது. இயந்திரத்தின் திறனுக்கு ஒரு குறைவுமில்லை. அது சக்கரத்தைச் சென்று சேரவில்லை, அவ்வளவுதான். இடையிலுள்ள கிளட்ச் வழுக்கிவிட்டது.

இயந்திரத்தின் திறனைக் கூட்டிக் கொள்ளும் இளைஞர்கள் பலர் முதலில் சந்திக்கும் தொல்லை இதுவே. “கடினமான ஸ்பிரிங் போட்டால் சரியாகிவிடும்” என்பது பட்டறையில் பெரும்பாலும் கிடைக்கும் விடை. அது பாதி விடைதான். மீதியை இயற்பியலிடம் கேட்போம்.

தட்டுகளின் அடுக்கு

மோட்டார் சைக்கிளின் கிளட்ச் இருவகைத் தட்டுகளை மாற்றி மாற்றி அடுக்கிய ஓர் அடுக்கு. உராய்வுப் பொருள் ஒட்டிய தட்டுகள் இயந்திரத்தோடு சேர்ந்து சுழல்கின்றன. அவற்றின் இடையே உள்ள எஃகுத் தட்டுகள் கியர்ப் பெட்டியின் தண்டோடு சேர்ந்து சுழல்கின்றன. ஸ்பிரிங்குகள் இந்த அடுக்கை இறுக அழுத்துகின்றன. இடக்கைப் பிடியை இழுத்தால் அழுத்தம் நீங்கித் தட்டுகள் பிரிகின்றன. விட்டால் மீண்டும் ஒட்டிக் கொள்கின்றன. இத்தனை வேலையும் உராய்வினால் நடைபெறுகின்றது.

கிளட்ச் தாங்கக்கூடிய உச்சத் திருப்பு விசையை எளிதில் கணக்கிடலாம். உராய்வுக் கெழு, ஸ்பிரிங்குகளின் மொத்த விசை, தட்டின் சராசரி ஆரம், உராயும் பரப்புகளின் எண்ணிக்கை ஆகிய நான்கையும் பெருக்கினால் போதும்.

இதில் தட்டின் பரப்பளவு இடம் பெறவில்லை என்பதைக் கவனித்தீர்களா? உராய்வு விசை அழுத்தும் விசையைப் பொறுத்தது, தொடும் பரப்பின் அகலத்தைப் பொறுத்ததன்று என்று பிரெஞ்சு அறிஞர் அமோந்தோன் 1699-இல் எடுத்துக் காட்டினார். அகலமான தட்டு வெப்பத்தைப் பரப்பவும் தேய்மானத்தைக் குறைக்கவும் உதவும்; பிடியைக் கூட்டாது. பரப்புகளின் எண்ணிக்கையோ பிடியைக் கூட்டும். ஏனெனில் ஒரே ஸ்பிரிங் விசை அடுக்கிலுள்ள ஒவ்வொரு பரப்பையும் முழு அளவில் அழுத்துகின்றது.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். இடக்கையில் ஒரு தாள், வலக்கையில் ஒரு தாள்; இரண்டின் முனைகளையும் மேசைமீது ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மேலே ஒரு கனத்த புத்தகத்தை வைத்து இழுங்கள். பிறகு கைக்கு நான்கு தாள்களாக எடுத்து, முனைகளை மாற்றி மாற்றி அடுக்கி, அதே புத்தகத்தை வைத்து இழுங்கள். இப்போது ஒன்றுக்குப் பதில் ஏழு பரப்புகள் உராய்கின்றன. வேறுபாட்டைக் கையே சொல்லும்.

திறனா, திருப்பு விசையா?

“திறன் கூடியதால் கிளட்ச் வழுக்குகிறது” என்று சொல்வது வழக்கம். உண்மையில் கிளட்ச் திறனை அறியாது. பட்டறையில் ‘டார்க்’ என்று சொல்லும் திருப்பு விசையையே அறியும். திறன் என்பது திருப்பு விசையையும் சுழல் வேகத்தையும் பெருக்கி வருவது. திருப்பு விசை மாறாமல் சுற்றுகளை மட்டும் உயர்த்தித் திறனைக் கூட்டினால், நல்ல நிலையிலுள்ள கிளட்ச் வழுக்க வேண்டியதில்லை. சிலிண்டரின் கொள்ளளவைப் பெருக்கியோ, காற்றை அழுத்திச் செலுத்தியோ திருப்பு விசையைக் கூட்டும்போதுதான் சிக்கல் பிறக்கின்றது.

முதல் கியரில் தெரியாத வழுக்கல் மேல் கியரில் தெரிவது ஏன்? முதல் கியரில் இயந்திரம் விரைந்து சுற்றேறுகின்றது. அப்போது திருப்பு விசையின் ஒரு பகுதி இயந்திரத்தின் சொந்தச் சக்கரத்தைச் சுழற்றி முடுக்கவே செலவாகிவிடுகின்றது. மீதிதான் கிளட்சுக்கு வருகின்றது. உச்சத் திருப்பு விசை தோன்றும் கட்டமும் நொடியில் கடந்துவிடும். மேல் கியரில் சுற்று மெல்ல ஏறுவதால் ஏறக்குறைய முழுத் திருப்பு விசையும் கிளட்சின்மீது நீண்ட நேரம் சுமத்தப்படுகின்றது.

ஒரு கணக்கு

2021-இல் வெளிவந்த ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 வண்டியின் உச்சத் திருப்பு விசை 27 நியூட்டன்-மீட்டர். அதே நிறுவனம் முன்பு விற்ற கிளாசிக் 500 வண்டியில் இது 41.3. ஆகவே 27-ஐ 41 ஆக்க முயலும் ஒருவரைக் கற்பனை செய்து கொள்வோம். மற்ற எண்கள் விளக்கத்துக்காக நாம் வைத்துக் கொள்பவை.

இயந்திரத்துக்கும் கிளட்சுக்கும் இடையிலுள்ள பற்சக்கரங்கள் சுற்றைப் பாதியாக்கித் திருப்பு விசையை இரு மடங்காக்குகின்றன என்க. கிளட்சுக்கு வருவது 54. உராயும் பரப்புகள் 12, உராய்வுக் கெழு 0.12, ஸ்பிரிங் விசை 1,200 நியூட்டன், சராசரி ஆரம் 5 செ.மீ. என்றால் கிளட்ச் தாங்குவது 86 நியூட்டன்-மீட்டர். தேவையைப் போல் 1.6 மடங்கு, கவலையில்லை.

இயந்திரத்தை மாற்றிய பின் கிளட்சுக்கு வருவது 82. கணக்கில் இன்னும் 4 மிச்சமிருப்பதாகத் தோன்றும். ஆனால் எண்ணெய் சூடேறி உராய்வுக் கெழு 0.10 ஆகக் குறைந்தால் கிளட்ச் தாங்குவது 72 தான். உடனே வழுக்கல் தொடங்கும்.

கிளட்சின் இருபுறமும் சுற்று வேறுபாடு நிமிடத்துக்கு 600 என்றால், 72 நியூட்டன்-மீட்டரில் தோன்றும் வெப்பம் ஏறக்குறைய 4,500 வாட். 1,000 வாட் இஸ்திரிப் பெட்டிகள் நான்கரையை அந்தச் சிறு கூட்டுக்குள் வைத்தாற்போல! தட்டுகளின் எஃகு 1 கிலோகிராம் என்று கொண்டால், எண்ணெய் குளிர்விப்பதைக் கணக்கில் சேர்க்காவிடில், வெப்பநிலை வினாடிக்கு 10 டிகிரி உயரும். வெப்பம் உராய்வுப் பொருளைக் கருக்கும், எஃகுத் தட்டை வளைக்கும், ஸ்பிரிங்கைத் தளர்த்தும். அதனால் வழுக்கல் மேலும் கூடும். கூடிய வழுக்கல் மேலும் வெப்பத்தைத் தரும். இந்த நச்சுச் சுழலைத் தொடக்கத்திலேயே நிறுத்த வேண்டும்.

நான்கு வழிகள், நான்கு விலைகள்

எதையும் மாற்றுமுன் இருப்பதைச் சரிபாருங்கள். கிளட்ச் கேபிளில் தளர்வே இல்லாவிட்டால், பிடியை விட்ட பிறகும் தட்டுகள் முழுதாக அழுந்தா. தட்டின் தடிமனையும் ஸ்பிரிங்கின் நீளத்தையும் தயாரிப்பாளர் தந்த எல்லையோடு ஒப்பிடுங்கள். எண்ணெயையும் கவனியுங்கள். பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் கிளட்ச் இயந்திர எண்ணெயிலேயே நனைந்து சுழல்கின்றது. கார்களுக்கான சில எண்ணெய்களில் உராய்வைக் குறைக்கும் பொருள்களைக் கலக்கிறார்கள். காருக்கு நன்மை, நனைந்த கிளட்சுக்குக் கேடு. இதற்காகவே ஜப்பானில் ‘ஜாசோ எம்.ஏ.’ என்னும் தர முத்திரை வகுக்கப்பட்டது. எண்ணெய்ப் புட்டியில் இதைத் தேடிப் பாருங்கள்.

இனி மாற்றங்கள். ஸ்பிரிங் விசையை 25 விழுக்காடு கூட்டினால் பிடிப்பும் அதே அளவு கூடும். ஆனால் கையால் இழுக்கும் விசையும் அவ்வளவே கூடும். நகர நெரிசலில் மணிக்கட்டு வலிக்கும்.

மெல்லிய தட்டுகளைக் கொண்டு அதே கூட்டுக்குள் இன்னொரு இணையைச் சேர்த்தால் பரப்புகள் 14 ஆகும். 17 விழுக்காடு ஆதாயம், கைக்குச் சுமையில்லை. ஆனால் பிடியை இழுக்கும்போது கிடைக்கும் சிறு இடைவெளியை இப்போது 14 பரப்புகள் பங்கிட்டுக் கொள்ள வேண்டும். தட்டுகள் முழுதாகப் பிரியாவிடில் நியூட்ரல் கிடைப்பது கடினமாகும்.

உராய்வுப் பொருளை மாற்றுவது மூன்றாவது வழி. தக்கைத் தூள், தாள் இழை, அராமிட் இழை என்று பலவகை உண்டு. நல்ல பொருள் சூட்டிலும் கெழுவை இழக்காது. ஆனால் முரட்டுப் பொருளோடு வண்டி மெல்லப் புறப்படாமல் வெட்டி இழுக்கும். ஆரத்தைக் கூட்டுவது நான்காவது. அதற்குக் கூடு, மூடி எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருப்பதால் செலவு மிகுதி.

இவற்றிலெல்லாம் நுட்பமான வழி ஒன்றும் உண்டு. சில புதிய வண்டிகளின் கிளட்சில் சாய்வான மேடுகள் அமைந்திருக்கின்றன. இயந்திரம் இழுக்கும்போது அந்தத் திருப்பு விசையின் ஒரு பகுதியே தட்டுகளை மேலும் அழுத்துகின்றது. எனவே ஸ்பிரிங் மென்மையாகவே இருக்கலாம். சுமை கூடினால் பிடியும் தானே கூடும்!

நம் எடுத்துக்காட்டு வண்டிக்கு வருவோம். ஒரே வழியில் முரட்டுத்தனமாகப் போகாமல், ஸ்பிரிங் விசையை 1,450 ஆகவும் பரப்புகளை 14 ஆகவும் உயர்த்தினால் கிளட்ச் 122 நியூட்டன்-மீட்டர் தாங்கும், கெழு 0.10 ஆகக் குறைந்தாலும் 101. தேவை 82 தானே! கையும் களைக்காது, கியரும் முரண்டு பிடிக்காது.

அப்படியானால் ஒரேயடியாக 200 தாங்கும்படி செய்துவிடலாமே என்று என் மாணவர்கள் கேட்பதுண்டு. கூடாது. மின்சுற்றில் ஃபியூஸ் எப்படியோ, அப்படியே இங்கே கிளட்ச். திடீர் அதிர்ச்சி வரும்போது சற்றே வழுக்கிக் கியர்ப் பற்களையும் சங்கிலியையும் காப்பது அதுவே. வழுக்கவே வழுக்காத கிளட்சைப் பூட்டினால் முறிவு கியர்ப் பெட்டிக்குள் நேரும். அதற்கான செலவோ பல மடங்கு. விரலுக்குத் தக்க வீக்கம் போதும். மேலும், பதிவுச் சான்றிலுள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை இந்திய மோட்டார் வாகனச் சட்டம், 1988, 52-ஆம் பிரிவு தடுக்கின்றது. இயந்திரத்தில் கை வைக்குமுன் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அடுத்த முறை உங்கள் வண்டியின் இயந்திரம் அலறியும் வேகம் கூடாவிட்டால், ஆக்ஸிலேட்டரை மேலும் திருகாதீர்கள். தளர்த்துங்கள், லாரியின் பின்னாலேயே செல்லுங்கள். பிறகு அந்த நான்கு எண்களில் எது குறைந்தது என்று ஒவ்வொன்றாகத் தேடுங்கள். குறை எங்கே என்று தெரிந்துவிட்டால், எவ்வளவு மாற்ற வேண்டும் என்பதைக் கணக்கே சொல்லிவிடும்.