கணக்கில் வராத நிலக்கரி

அனல் மின் நிலையத்தில் ஒரு கருவி பழுதுபட்டால் மின் உற்பத்தி குறையும் என்பது பொதுவான எண்ணம். ஊட்டுநீர்ச் சூடேற்றிகள் இதற்கு விதிவிலக்கு. அவை நின்றாலும் மின்சாரம் வந்துகொண்டுதான் இருக்கும். சில வேளைகளில் சற்றுக் கூடுதலாகவும் வரும். இழப்பு வெளிப்படுவது நிலக்கரிக் கணக்கில்தான்.

கொதிகலனுக்குள் செல்லும் நீரை முன்கூட்டியே சூடாக்குவது இவற்றின் பணி. டர்பைனில் ஓரளவு வேலை செய்த நீராவியின் ஒரு பகுதி இதற்காக இடையிலேயே பிரித்தெடுக்கப்படுகிறது. உழைக்கும் நீராவியைப் பாதி வழியில் எடுப்பது வீண் அல்லவா என்று தோன்றலாம். உண்மையில், இறுதிவரை செல்லும் நீராவி, கண்டென்சரில் நீராக மாறும்போது எஞ்சிய வெப்பத்தில் பெரும்பகுதியைக் குளிர்நீரிடம் இழந்துவிடுகிறது. இடையில் எடுத்த நீராவியின் வெப்பமோ கொதிகலனுக்கே திரும்புகிறது.

மேட்டூரிலும் தூத்துக்குடியிலும் உள்ளவை போன்ற 210 மெகாவாட் அலகில், உயரழுத்தச் சூடேற்றிகள் நீரை ஏறத்தாழ 240 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்குகின்றன. அவை இல்லையெனில் நீர் 160 டிகிரியை ஒட்டிய நிலையிலேயே கொதிகலனைச் சேர்கிறது. குறையும் வெப்பத்தை உலைதான் ஈடுகட்ட வேண்டும்.

சூடேற்றியின் குழாயில் கசிவு ஏற்பட்டால் அதை உடனே நிறுத்துவது சரியே. தேங்கும் நீர் டர்பைனுக்குள் புகுந்தால் பேராபத்து. பிரித்தெடுக்கப்படாத நீராவி டர்பைனின் பிற்பகுதித் தகடுகளுக்குக் கூடுதல் சுமையாவதால், தயாரிப்பாளர் வகுத்த வரம்புக்குள் உற்பத்தியைக் குறைக்கவும் வேண்டும். மின்தேவை உச்சம் தொடும் ஓரிரு மணி நேரம் சூடேற்றியின்றி இயக்குவதையும் ஏற்கலாம். பழுதுநீக்கம் வாரக்கணக்கில் தள்ளிப்போவதுதான் ஏற்கத்தக்கதல்ல.

முழுத் திறனில் இயங்கும் அத்தகைய அலகு நாளொன்றுக்குச் சுமார் 3,500 டன் நிலக்கரியை எரிக்கிறது என்றும், கூடுதல் செலவு 3 விழுக்காடு என்றும் கொள்வோம். நாளொன்றுக்கு 105 டன்; பத்து நாள்களில் 1,000 டன்னுக்கும் மேல். ஒரு யூனிட்டின் எரிபொருள் செலவு உயர்வதால், மலிவான மின்சாரத்தை முதலில் வாங்கும் வரிசையில் அந்நிலையம் பின்தங்குகிறது. ஒழுங்குமுறை ஆணையம் அனுமதிக்கும் வெப்ப அளவை மீறினால், அந்தச் செலவு நிலையத்தின் தலையிலேயே விழுகிறது.

எனவே, உற்பத்தியான மெகாவாட்டுக்கு அருகிலேயே, பயன்பாட்டில் இல்லாத சூடேற்றியால் அன்றாடம் ஏற்படும் இழப்பையும் ரூபாயில் எழுதிவைக்க வேண்டும். பழுதுநீக்கும் செலவு பெரிதா, காத்திருக்கும் செலவு பெரிதா என்பதை அந்த ஒரு வரியே சொல்லிவிடும்.