பேட்டன் கீழே விழுந்த அன்று

படிவம் நான்கில் படித்தபோது மாவட்ட அளவிலான திடல்தடப் போட்டியில் 4×100 மீட்டர் அஞ்சல் ஓட்டத்தில் கலந்துகொண்டேன். எங்கள் குழுவில் கடைசியாக ஓடுபவள் நான். பள்ளியிலேயே வேகமாக ஓடுபவள் என்ற பெயர் எனக்கு இருந்தது. அது கொஞ்சம் தலைக்கும் ஏறியிருந்தது. மூன்றாவதாக ஓடிய தோழி வளைவைத் தாண்டி வந்தபோது நாங்கள் இரண்டாம் இடத்தில் இருந்தோம். அவள் நீட்டிய பேட்டன் என் விரல்நுனியில் பட்டுக் கீழே விழுந்தது.

அவள் குனிந்து அதை எடுத்தாள். எடுத்துக்கொண்டு என்னை நோக்கி ஓடி வந்தாள். நானோ இரண்டு கைகளையும் தலையில் வைத்துக்கொண்டு தடத்தை விட்டு வெளியே நடந்துகொண்டிருந்தேன். பேருந்தில் திரும்பும்போது, “ஒழுங்கா கொடுக்கத் தெரியாதா உனக்கு?” என்று எல்லார் முன்னிலையிலும் கேட்டேன். அவள் பதில் சொல்லவில்லை.

மறு ஆண்டு, எஸ்பிஎம் தேர்வைக் காரணம் காட்டி ஓட்டத்தை விட்டுவிட்டேன். உண்மைக் காரணம் தேர்வு அல்ல என்பது எனக்குத் தெரியும்.

இப்போது பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு. சென்ற பருவத்தில், நம் நாட்டு விளையாட்டாளர் ஒருவரைப் பற்றி வகுப்பில் பத்து நிமிடம் பேச வேண்டியிருந்தது. தாத்தா அடிக்கடி சொல்லும் ஒரு பெயர் நினைவுக்கு வந்தது: டான்ஸ்ரீ டாக்டர் எம். ஜெகதீசன். ‘பறக்கும் மருத்துவர்’ என்று அந்தக் காலத்தில் அழைக்கப்பட்டவர்.

பதினாறு வயதில் ஒலிம்பிக்

1943இல் கோலகங்சாரில் பிறந்த ஜெகதீசன், 1960இல் ரோம் ஒலிம்பிக்கில் மலாயாவைப் பிரதிநிதித்தபோது அவருக்கு வயது 16தான். அடுத்து 1964இல் தோக்கியோ, 1968இல் மெக்சிகோ என மூன்று ஒலிம்பிக் போட்டிகளில் ஓடினார். 1962இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 200 மீட்டரில் தங்கம் வென்றார்.

இதற்கிடையில் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தில் மருத்துவமும் படித்தார். பின்னாளில் நம் சுகாதார அமைச்சில் துணைத் தலைமை இயக்குநர் பொறுப்பு வரை உயர்ந்தார். ‘படிப்பா, ஓட்டமா?’ என்று நான் ஒரு வருடம் சொல்லித் திரிந்த சாக்கு, இதைப் படித்தபோது என் முகத்துக்கு நேராகவே வந்து நின்றது.

அவர் வாழ்வின் உச்சம் 1966, பேங்காக். அந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் 100 மீட்டர், 200 மீட்டர், 4×100 மீட்டர் அஞ்சல் ஓட்டம் ஆகிய மூன்றிலும் தங்கம். முதல் இரண்டும் அவர் தனியாக ஓடி வென்றவை. மூன்றாவது நால்வர் சேர்ந்து வென்றது. ஆசியாவிலேயே வேகமான மனிதருக்கும் அந்த மூன்றாவது தங்கத்தைப் பெற இன்னும் மூன்று பேர் தேவைப்பட்டார்கள்.

பேங்காக் 100 மீட்டரில் இன்னொரு கதையும் உண்டு. இரண்டாவதாக வந்தவர் சிங்கப்பூரின் சி. குணாளன். இருவருக்கும் பதிவான நேரம் ஒன்றே: 10.5 வினாடி. இறுதிக் கோட்டில் எடுத்த புகைப்படத்தை வைத்துத்தான் வெற்றியாளரை முடிவு செய்தார்கள். இரண்டே ஆண்டுகளுக்கு முன், தோக்கியோவில், இதே இருவரும் மலேசியாவின் அஞ்சல் ஓட்டக் குழுவில் ஒன்றாக இருந்தவர்கள். 1965இல் சிங்கப்பூர் பிரிந்தது; ஒரே குழுவில் ஓடியவர்கள் பக்கத்துப் பக்கத்துத் தடங்களுக்குரிய எதிராளிகள் ஆனார்கள்.

கணக்கு சொன்ன உண்மை

அஞ்சல் ஓட்டத்தைப் பற்றி வகுப்பில் விளக்குவதற்காக ஒரு சிறு கணக்குப் போட்டேன். 100 மீட்டரில் உசேன் போல்ட்டின் உலகச் சாதனை 9.58 வினாடி. நான்கு போல்ட்டுகள் தனித்தனியே ஓடினால் மொத்தம் 38.32 வினாடி. ஆனால், 2012 லண்டன் ஒலிம்பிக்கில் ஜமைக்கா குழு 4×100 மீட்டரை 36.84 வினாடியில் முடித்தது. சராசரியாக ஒருவருக்கு 9.21 வினாடி!

எப்படி? முதல் ஆள் மட்டுமே நின்ற நிலையிலிருந்து புறப்படுகிறார். மற்ற மூவரும் ஓடிக்கொண்டே பேட்டனைப் பெறுகிறார்கள். இப்போதைய விதிப்படி கைமாற்றும் பகுதியின் நீளம் 30 மீட்டர். பெறுபவர் தனக்குப் பின்னால், தடத்தில் ஓர் அடையாளம் ஒட்டி வைத்திருப்பார். கொடுப்பவர் அந்த அடையாளத்தை மிதிக்கும் கணத்தில் இவர் புறப்பட வேண்டும். பிறகு திரும்பிப் பார்க்கவே கூடாது. குரல் கேட்டதும் கையைப் பின்னால் நீட்ட வேண்டும். அவ்வளவுதான்.

அதாவது, எப்போது புறப்படுவது என்ற முடிவு பெறுபவருடையது. அவர் முந்திக்கொண்டால், ஏற்கெனவே நூறு மீட்டர் ஓடிக் களைத்தவரால் எட்டிப் பிடிக்க முடியாது.

இதைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தபோதுதான் என் விரல்கள் நின்றன. அன்று தோழி அடையாளத்தைத் தொடும் முன்பே நான் பாய்ந்துவிட்டேன். பக்கத்துத் தடத்துப் பெண் புறப்பட்டதைப் பார்த்துப் பாய்ந்தேன். பேட்டன் விழுந்தது அவள் கையால் அல்ல, என் காலால்.

இன்னொரு விதியும் கண்ணில் பட்டது. கைமாற்றும்போது பேட்டன் விழுந்தால், கொடுப்பவரே எடுத்துத் தர வேண்டும். பிறருக்கு இடையூறு செய்யாமல், தூரத்தைக் குறைக்காமல் எடுத்தால் ஓட்டத்தைத் தொடரலாம். குழு நீக்கப்படாது.

49 ஆண்டுகள்

மெக்சிகோ ஒலிம்பிக்கில் ஜெகதீசன் 200 மீட்டர் அரையிறுதி வரை சென்றார். பதக்கம் இல்லை. ஆனால், அங்கே அவர் பதித்த 20.92 வினாடி தேசியச் சாதனையாக 49 ஆண்டுகள் நின்றது. 2017இல் கைருல் ஹபீஸ் ஜந்தான் என்ற இளைஞர் 20.90 வினாடியில் ஓடி அதை முறியடித்தார். இடைவெளி 0.02 வினாடி. அதைக் கடக்க ஏறத்தாழ அரை நூற்றாண்டு பிடித்திருக்கிறது.

வகுப்பில் பேசி முடித்தேன். கைதட்டினார்கள். அன்று இரவு தோழியை அழைத்தேன். அவள் இப்போது வேறொரு மாநிலத்தில் தாதிமைப் பயிற்சியில் இருக்கிறாள். நான்கு ஆண்டுகளாக எங்களுக்குள் பிறந்தநாள் வாழ்த்து மட்டுமே மிச்சம்.

“அன்னைக்கு நான்தான் முன்னாடியே ஓடிட்டேன். தப்பு என்னோடது,” என்றேன்.

கொஞ்ச நேரம் மௌனம். பிறகு சிரித்தாள். “அது எனக்கு அன்னைக்கே தெரியும்லா.”

“பிறகு ஏன் பஸ்ல ஒண்ணும் சொல்லல?”

“நீ கேக்கிற நிலைமையிலயா இருந்த?”

அந்த விதியைப் பற்றியும் சொன்னேன். “அதுவும் தெரியும். இல்லன்னா எதுக்கு எடுத்துக்கிட்டு உன் பின்னாடி ஓடி வந்தேன்?” என்றாள்.

பள்ளி விளையாட்டுப் போட்டிக்குப் பயிற்சி செய்துகொண்டிருக்கும் தம்பி, தங்கைகளுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். அடையாளத்தைப் பார்த்துப் புறப்படுங்கள், பக்கத்துத் தடத்தைப் பார்த்து அல்ல. அதையும் மீறிப் பேட்டன் விழுந்தால், வெளியே நடந்துவிடாதீர்கள். நின்று திரும்பிப் பாருங்கள். உங்கள் தோழி அதை எடுத்துக்கொண்டு வந்துகொண்டிருப்பாள்.