மூக்கினுள் ஒரு சங்கு

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு மாலை, என் தமக்கையார் ஓர் அறிக்கைத் தாளுடன் எங்கள் இல்லத்திற்கு வந்தார். அவர் மகனுக்கு நெடுநாளாகத் தலைபாரம், மூக்கடைப்பு. பாலக்கோட்டுப் பக்கம் கருங்கல் அறுக்கும் பட்டறையில் அவனுக்கு வேலை. சேலத்தில் எடுத்த சி.டி. ஸ்கேன் அறிக்கையில் 'கான்கா புல்லோசா' என்றிருந்தது. "தம்பி, இது கட்டியா? புற்றா? நீ படித்தவனாயிற்றே!" என்றார். தமிழ் படித்தவனுக்கு விளங்கியது சொற்பொருள் மட்டுமே. இலத்தீனில் 'கான்கா' என்பது சிப்பி. 'புல்லா' என்பது குமிழி. அன்றிரவு இரு வீட்டாரும் உறங்கவில்லை. பின்னர் மருத்துவர் ஒருவரிடம் கேட்டும் நூல்களைப் புரட்டியும் அறிந்தவற்றை ஈண்டு எழுதுகின்றேன்.

மூக்கின் பக்கச் சுவரிலிருந்து உள்நோக்கிச் சுருண்டு நிற்கும் மெல்லெலும்பு மடல்களையே சங்கெலும்புகள் என்கிறோம். பக்கத்திற்கு மூன்றாக மேல், நடு, கீழ் என அமைந்தவை. சிலருக்கு நான்காவதும் உண்டு. கீழ்ச்சங்கு தனியெலும்பு, ஏனையவை எத்மாய்டு எலும்பின் கூறுகள். இவற்றைப் போர்த்திய ஈரச்சவ்வு, உள்ளே புகும் காற்றைச் சூடாக்கி, நனைத்து, தூசியைப் பிடித்து நிறுத்துகிறது.

ஆங்கிலப் பொறியாளர் ஹவுன்ஸ்ஃபீல்டின் கருவி 1971இல் முதல் நோயாளியைப் படம்பிடித்தது. அதற்கு முன் எலும்பின் உள்ளறைகளை இவ்வளவு தெளிவாகக் காண இயலாது. சி.டி. படத்தில் எலும்பு வெண்மை, சவ்வு சாம்பல், காற்று கருமை. நடுச்சங்கின் வெண்கோட்டிற்குள் கரும்புள்ளி தெரிந்தால், அங்கே காற்றறை ஒன்று அமைந்துள்ளது என்று பொருள். அதுவே கான்கா புல்லோசா. கட்டியன்று; வெறுங்காற்று! இன்னொரு வேறுபாடும் உண்டு. நடுச்சங்கின் குவிந்த புறம் இயல்பாக மூக்கின் நடுத்தட்டியை நோக்கும். சிலருக்கு அது மாறிப் பக்கச்சுவரை நோக்கி வளைந்திருக்கும்.

போல்கர் முதலிய அமெரிக்க மருத்துவர்கள் 1991இல் 202 பேரின் படங்களை ஆராய்ந்து வெளியிட்டனர். சிறு காற்றறையையும் கணக்கிட்டால் பாதிக்கு மேற்பட்டோரிடம் அது இருந்தது. சைனஸ் தொல்லைக்காகப் படம் எடுத்தவரிடமும், வேறு காரணத்திற்காக எடுத்தவரிடமும் ஏறத்தாழ ஒரே அளவில் காணப்பட்டது என்பதே நாம் ஊன்றி நோக்கத்தக்கது. காற்றறை பெரிதாகிச் சைனஸின் வடிகால் வழியை அடைத்தாலோ, அதனுள் சீழ் கட்டினாலோதான் அறுவைப் பேச்சு எழும்.

கீழ்ச்சங்கு ஒருபுறம் தடித்தும் மறுபுறம் மெலிந்தும் தெரிவதும் பலரை அச்சுறுத்துகிறது. இருபுறச் சவ்வும் சில மணி நேரத்திற்கொருமுறை மாறிமாறிப் புடைத்துத் தணிவது பலருக்கும் இயல்பு. 1895இல் கைசர் என்னும் ஜெர்மானியர் இதனை விவரித்தார். இடகலை, பிங்கலை என மூச்சின் இடவல மாற்றத்தைப் பேசிய நம் சித்தர் மரபினர்க்கு இது வியப்பளித்திராது. படம் என்பது ஒரு கணத்தின் பதிவே.

மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, அறை சிறியது, வழி திறந்திருக்கிறது என்றார். குற்றவாளி கல்தூசி. உப்புநீரால் மூக்கைக் கழுவவும், ஒரு மருந்தைத் தெளித்துக்கொள்ளவும், பட்டறையில் முகக்கவசம் அணியவும் சொன்னார். முதலிரண்டையும் பையன் தவறாது செய்கிறான். மூன்றாவதற்குத்தான் தமக்கையார் இன்னும் நாள்தோறும் அவனோடு வாதாடிக்கொண்டிருக்கிறார்.