ஓசை அடங்கிய சாலைகள்



சைக்கிள் என்றதும் உங்களுக்கு எது நினைவுக்கு வருகிறது? பால் வாளிகளைக் கட்டிக்கொண்டு ஸ்டோருக்கு மிதித்துப் போன தாத்தாவின் கனத்த சைக்கிளா? அல்லது, பெரிய சாலையில் லோரி ஒன்று உரசுவதுபோல் கடந்து போனபோது திக்கென்றதே, அந்த நொடியா? பிள்ளை சைக்கிளை எடுத்துக்கொண்டு பெரிய சாலைக்குப் போய்விட்டான் என்று கேட்டால் எந்தத் தாயின் மனம்தான் பதறாது!

நல்ல தார் போட்ட சாலை. ஆனால் வண்டி ஓசை இல்லை. ஒரு மணி நேரம் மிதித்தாலும் எதிரே வருவது ஒரு டிராக்டரும் இரண்டொரு கார்களுமே. இப்படிப்பட்ட சாலைகள் ஒரு நாட்டில் இலட்சக் கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கின்றன. அந்த நாடு பிரான்ஸ்.

பாரிஸ் மாநகரத்தையும் ஐஃபல் கோபுரத்தையும் பற்றி நிறையப் படித்திருப்பீர்கள். இன்று அவற்றை விட்டுவிட்டு நாட்டுப்புறத்துக்குப் போவோம். வாருங்கள்.

வண்ணம் சொல்லும் சேதி

பிரான்சில் உள்ள சாலைகளின் மொத்த நீளம் சுமார் 11 இலட்சம் கிலோமீட்டர். இதில் நெடுஞ்சாலைகள் சுமார் 12 ஆயிரம் கிலோமீட்டர்தான். வண்டிக் கூட்டமெல்லாம் பெரும்பாலும் அவற்றிலும் நகரங்களிலும் போய்விடுகிறது. மீதியில் பெரும்பங்கு, ஊரையும் ஊரையும் இணைக்கும் சின்னச் சாலைகள்.

அமைதியான சாலையை எப்படிக் கண்டுபிடிப்பது? டயர் செய்யும் மிஷெலின் நிறுவனம் 1910 முதல் அந்நாட்டுக்கு விரிவான சாலை வரைபடங்களை வெளியிட்டு வருகிறது. அதில் பெரிய சாலை சிவப்பு, அடுத்தது மஞ்சள், சின்னச் சாலை வெள்ளை. ஓரத்தில் பச்சைக் கோடு இருந்தால் இயற்கைக் காட்சி நிறைந்த வழி என்று பொருள். சைக்கிள்காரர்களுக்கு வெள்ளைச் சாலைதான் தங்கம்!

டயர்க்காரருக்கு வரைபடம் எதற்கு என்கிறீர்களா? மக்கள் ஊர் சுற்றினால்தானே டயர் தேயும்! 1891-இல் சைக்கிளுக்குச் சுலபமாகக் கழற்றி மாட்டும் டயரைச் செய்தே அந்த நிறுவனம் பெயர் வாங்கியது. பின்னாளில் மலாயா ரப்பரும் கப்பலேறி ஐரோப்பாவின் டயர்களுக்குப் போயிற்று. பிரான்சின் சாலைகளை நம் முன்னோர் பார்த்ததில்லை. ஆனால் அவர்கள் விடியற்காலையில் சீவிய பாலுக்கு ஐரோப்பியச் சாலைகள் தெரியும்.

க்ரூஸ் மாவட்டத்தில் ஒரு காலை

நடு பிரான்சில் க்ரூஸ் என்று ஒரு மாவட்டம். அதன் தலைநகரான கெரேயிலிருந்து தெற்கு நோக்கிப் புறப்படுவோம். அங்கே வலப்பக்கம் ஓட்ட வேண்டும், மறந்துவிடாதீர்கள்!

நகரம் தாண்டியதும் ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வருகின்றன. இருபுறமும் வேலிச் செடிகள், ஓக் மரங்கள், புல்வெளிகள். புல்வெளியில் செம்பழுப்பு நிறத்தில் லிமூஸான் மாடுகள் தலை தூக்கிப் பார்க்கின்றன. காதில் விழுவது சைக்கிள் சங்கிலியின் ஓசையும் பறவைக் குரலும்தான். தூரத்தில் மாதா கோயில் மணி அடிக்கிறது.

ஒரு சிற்றூர் வருகிறது. கருங்கல் வீடுகள் நூறு ஆண்டு கடந்தும் உறுதியாக நிற்கின்றன. ஆனால் பல வீடுகளின் சன்னல் கதவுகள் மூடிக் கிடக்கின்றன. தெருவில் ஒரு குழந்தையைக் காணோம்.

எங்கே போனார்கள் இந்த ஊர் மக்கள்?

சாலை போட்டவர்கள்

இந்தச் சாலைகள் தாமாக முளைக்கவில்லை. 1836-இல் பிரான்சில் ஒரு சட்டம் வந்தது. ஊர்ச் சாலையைப் பராமரிப்பது ஊரின் கடமை என்றது. அதற்காக உடல் வலுவுள்ள ஆண்களிடம் ஆண்டுக்கு மூன்று நாள் வரை வேலை வாங்கலாம். வர இயலாதவர் பணமாகக் கட்டலாம். இப்படிக் குடியானவர்கள் கல் உடைத்து, மாட்டு வண்டியில் சுமந்து, பள்ளம் நிரப்பி வளர்த்த வழிகள்தாம் இன்று வரைபடத்தில் வெள்ளைக் கோடுகளாகத் தெரிகின்றன.

ஆனால் சாலை வயிற்றை நிரப்பவில்லை. க்ரூஸ் மண் ஏழை மண். அதனால் அங்குள்ள ஆண்கள் வசந்த காலத்தில் ஊரை விட்டுப் புறப்பட்டு, பாரிசிலும் பிற நகரங்களிலும் கொத்து வேலை செய்துவிட்டுக் குளிர்காலத்தில் திரும்பினார்கள். 1815-இல் பிறந்த மார்த்தேன் நாதோ அவர்களில் ஒருவர். 1830-இல், 14 வயதில், தந்தையோடு பெரும்பாலும் நடந்தே பாரிசை நோக்கிப் போய்ச் சித்தாளாகச் சேர்ந்தார். 1849-இல் நாடாளுமன்ற உறுப்பினரானார். 1851-இல் ஆட்சி கவிழ்ந்தபின் நாடு கடத்தப்பட்டு, இங்கிலாந்தில் பிரெஞ்சு மொழி ஆசிரியராக வாழ்ந்தார். பிறகு தாயகம் திரும்பி மீண்டும் மக்கள் மன்றத்தில் அமர்ந்தார். சாந்துச் சட்டி சுமந்த தலை அது!

எல்லோரும் நாதோவைப் போலத் திரும்பி வரவில்லை. காலப்போக்கில் பலர் குடும்பத்தோடு நகரத்திலேயே தங்கிவிட்டார்கள். 1914-இல் முதல் உலகப் போர் மூண்டது. நான்கு ஆண்டுகளில் பிரான்ஸ் இழந்த வீரர்கள் சுமார் 14 இலட்சம் பேர். ஏறக்குறைய எல்லா ஊரிலும் மாண்டவர் பெயர் பொறித்த நினைவுக்கல் நிற்கிறது.

க்ரூசின் தென்பகுதியில் ஜான்தியூ என்ற ஊரில் சைக்கிளை நிறுத்துங்கள். 1922-இல் எழுப்பிய நினைவுச் சின்னம் அங்கே உண்டு. அதில் வெற்றி வீரன் சிலை இல்லை. தந்தையை இழந்த ஒரு சிறுவன் நிற்கிறான். காலில் மரச் செருப்பு, ஒரு கையில் தொப்பி. மறு கையின் முட்டியை இறுக்கிக் கல்லை நோக்கி நீட்டுகிறான். கல்லில் போரைச் சபிக்கும் ஒரே வரி.

1851-இல் இந்த மாவட்டத்தின் மக்கள் தொகை சுமார் 2 இலட்சத்து 87 ஆயிரம். இன்று அதில் பாதிகூட இல்லை. ஒரு இலட்சத்துச் சொச்சம்தான். நாட்டுப்புறப் பள்ளிகள் பலவற்றிலும் பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள். அதனால் அக்கம்பக்கத்து ஊர்கள் வகுப்புகளைப் பங்கிட்டுக்கொள்கின்றன. சிறு பிள்ளைகள் ஓர் ஊரில், பெரிய பிள்ளைகள் அடுத்த ஊரில். பஸ் அவர்களை ஏற்றிச் செல்கிறது. பள்ளிக்கூட வாத்தியார் நான். இதைப் படித்தபோது என் மனம் அந்த இடத்திலேயே நின்றுவிட்டது.

இப்போது தெரிகிறதா, சாலை ஏன் இவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று?

தொழிலாளிக்குக் கிடைத்த விடுமுறை

இந்தச் சாலைகளில் உல்லாசமாகச் சைக்கிள் விட்டது செல்வந்தர் மட்டுமல்ல. 1936-ஆம் ஆண்டு மே, ஜூன் மாதங்களில் பிரெஞ்சுத் தொழிலாளர்கள் பெரும் வேலைநிறுத்தம் செய்தார்கள். லெயோன் ப்ளூம் தலைமையிலான அரசு, சம்பளத்தோடு இரண்டு வார விடுமுறையைச் சட்டமாக்கியது. ஆலையைத் தவிர வேறு எதையும் அறியாதவர்கள் அந்தக் கோடையில் சைக்கிளில் மூட்டையைக் கட்டினார்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து மிதிக்கும் இரட்டைச் சைக்கிள்களும் புறப்பட்டன. கடலைப் பார்க்காதவர்கள் கடலைப் பார்த்தார்கள். இன்று அந்த விடுமுறை ஐந்து வாரம்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

நம் பிள்ளைகளில் சிலர் இன்று மேற்படிப்புக்காக ஐரோப்பா போகிறார்கள். அவர்களுக்குச் சொல்லி வையுங்கள்:

சிற்றூர்க் கடைகள் நண்பகலில் அடைத்துவிடும். பல ஊர்களில் திங்கட்கிழமை ரொட்டிக்கடை இராது. ஆகவே காலையிலேயே ரொட்டி வாங்கிக்கொள்ள வேண்டும்.

தண்ணீர் தீர்ந்தால் ஊர்க் கல்லறைத் தோட்டத்தைத் தேடுங்கள். பெரும்பாலும் அங்கே குழாய் இருக்கும். குடிக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அறிவிப்புப் பலகை இல்லாத சந்தியில் வலப்புறமிருந்து வருபவருக்கே முதலிடம். அது டிராக்டராக இருந்தாலும் சரி.

ஊருக்கு வெளியே சைக்கிளை முந்தும் கார் ஒன்றரை மீட்டர் விலகிப் போக வேண்டும் என்பது சட்டம். 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் தலைக்கவசம் அணிவது 2017 முதல் கட்டாயம்.

சிறுவரோடு போகிறவர்களுக்குப் பழைய ரயில் பாதைகளைச் சீர்செய்த தனி வழிகள் உண்டு. பர்கண்டி வட்டாரத்தில் ஜிவ்ரி – க்ளூனி வழி 1997-இல் திறக்கப்பட்டது. 44 கிலோமீட்டர் தூரமும் மோட்டார் வண்டிக்கு இடமில்லை.

வாசகர்களே, அந்த அமைதி அழகானதுதான். ஆனால் அதற்கு விலை கொடுத்தவர்கள் அந்த ஊரை விட்டுப் போனவர்கள். அவர்கள் போன பிறகும் ஊராட்சி மன்றங்கள் சாலையைக் கைவிடவில்லை. பெயர்களைக் கல்லிலிருந்து அழியவிடவில்லை. அதனால்தான் எங்கிருந்தோ வரும் அந்நியன்கூட, இங்கே இன்னார் வாழ்ந்தார்கள் என்று அறிந்துகொள்கிறான்.

நம்மிலும் எத்தனையோ பேர் தோட்டத்தை விட்டு வந்துவிட்டோம். லயங்கள் இடிந்த இடத்தில் பெயர்ப்பலகைகூட இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, வெயில் ஏறுமுன், பிள்ளையோடு தோட்டத்துச் செம்மண் சாலையில் கொஞ்ச தூரம் சைக்கிளில் போய் வாருங்கள். அந்தச் சாலையை வெட்டியவர்கள் யார், அவர்கள் பெயர் என்ன என்று உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள். வீடு திரும்பியதும் அந்தப் பெயர்களை அவன் நோட்டுப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.